பாய், விளக்கு, துணை: முதல் வகுப்பின் வரலாறு
(இரட்டைமலை சீனிவாசன் நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

1945 செப்டம்பர் 18 அன்று மறைந்த நம் தாத்தா இரட்டைமலை சீனிவாசன் நினைவாக நடக்கும் கூட்டம் இது. நிலம், கோயில் நுழைவு, வட்டமேசை மாநாடு என்று பெரிய பொருள்களைப் பேசுவதுதான் இங்கே வழக்கம். நான் பார்வைக்குச் சின்னதாகத் தெரியும் ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன். கல்லூரிக்குப் போகும் நம் பிள்ளைகளில் சிலர் மட்டும் முதல் வகுப்போடு, டிஸ்டிங்ஷனோடு, சிலசமயம் பல்கலைக்கழக ரேங்க்கோடு வெளியே வருகிறார்கள். அவர்களுக்கு எது கை கொடுத்தது?

நம் தெருவில் இதற்கு ஒரு பதில் தயாராக இருக்கிறது. "அந்தப் பொண்ணுக்கு நல்ல மண்டை" என்பார்கள். ஊர்த்தெருவிலும் அலுவலகத்திலும் இதையே கொஞ்சம் மரியாதையாக "மெரிட்" என்கிறார்கள். இரண்டும் ஒரே நம்பிக்கைதான். மதிப்பெண் என்பது தலைக்குள்ளிருந்து தானாக ஊறி வருவது என்று நினைக்கிற நம்பிக்கை. இதைப் பற்றி வாதாட நான் தொலைதூரம் போகத் தேவையில்லை. நம் வட்டாரத்துக் கற்களே போதும்.

உத்திரமேரூர் என்றால் வெளியூர்க்காரர்களுக்குக் குடவோலைதான். முதலாம் பராந்தகன் காலத்தில், கி.பி. 919இலும் 921இலும் வெட்டப்பட்ட கல்வெட்டுகள் அவை. 30 குடும்புகள், பெயர் எழுதிய ஓலைகள், குடத்துக்குள் கைவிட்டு எடுக்கும் சிறுவன் என்று எல்லோரும் பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமர்கூட இந்தக் கல்வெட்டைச் சொல்லிப் பெருமைப்பட்டார். பெருமை இருக்கட்டும். யாருடைய பெயரை ஓலையில் எழுதலாம் என்ற பகுதியை மட்டும் பாடப்புத்தகம் வேகமாகக் கடந்துபோய்விடும். அதை இங்கே நின்று படிப்போம். வரி செலுத்தும் நிலம் கால் வேலி இருக்க வேண்டும். சொந்த மனையில் கட்டிய வீடு இருக்க வேண்டும். வேதம் கற்றிருக்க வேண்டும். நிலம் அரைக்கால் வேலிதான் என்றால் ஒரு வேதமும் ஒரு பாஷ்யமும் கற்றிருந்தால் போதும். சேரக்கூடாதவர்களோடு சேர்ந்து தாழ்ந்துபோனவர் என்று கருதப்பட்டவருக்குப் பரிகாரம் முடிகிற வரை இடமில்லை.

இதுதான் பத்தாம் நூற்றாண்டின் மெரிட் பட்டியல். அதில் படிப்பு பின்னால்தான் வருகிறது. முதலில் நிலம், அடுத்து சொந்த மனையில் வீடு. பட்டியல் போட்டவர்கள் ஒளிக்கவில்லை, கல்லிலேயே வெட்டி வைத்தார்கள். இன்றைய மெரிட்காரர்கள் முதல் இரண்டை மறைத்துவிட்டு படிப்பை மட்டும் காட்டுகிறார்கள் என்பதுதான் வித்தியாசம்.

அந்தப் படிப்பு எப்படி நடந்தது? உத்திரமேரூரிலிருந்து வடக்கே பாலாற்றங்கரைக்குப் போனால், பழையசீவரத்துக்கு எதிர்க்கரையில் திருமுக்கூடல். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற இடம். அங்கே பெருமாள் கோயிலில் வீரராசேந்திர சோழன் காலத்து, அதாவது 11ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. மிக நீளமானது. நம் பிள்ளைகளைச் சுற்றுலாவாக மாமல்லபுரம் கூட்டிப்போகிற ஆசிரியர்கள் ஒருமுறையாவது இங்கே கூட்டிவர வேண்டும். அந்தக் கோயிலில் ஒரு வேதப் பாடசாலையும், மாணவர் தங்கும் விடுதியும், 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலையும் இருந்தன. ரிக், யஜுர் வேதம் படிப்பவர்கள், இலக்கணம் படிப்பவர்கள் என்று ஒவ்வொரு பிரிவுக்கும் ஆசிரியர், ஒவ்வொரு மாணவனுக்கும் சாப்பாடு. படுக்கப் பாய். இரவு விளக்குக்கு எண்ணெய். சனிக்கிழமை தலைமுழுக எண்ணெய். காய்ச்சல் வந்தால் பக்கத்திலேயே மருத்துவர், பணிவிடை செய்யப் பெண்கள், ஓராண்டுக்குச் சேமித்து வைத்த மருந்துகள்.

விழுப்புரம் பக்கத்து எண்ணாயிரத்திலும் இதே கதைதான். முதலாம் ராசேந்திரன் காலத்தில் இளைய மாணவர் 270 பேர், மூத்த மாணவர் 70 பேர், ஆசிரியர் 14 பேர். இவர்களுக்காக 45 வேலி நிலம். இளைய மாணவன் ஒருவனுக்கு நாளொன்றுக்கு ஆறு நாழி நெல். வேதம் மனப்பாடம் ஆவதற்குப் பிறவி ஞானமே போதும் என்று அந்தக் காலத்து அரசர்களும் நினைக்கவில்லை, பிராமணர்களும் நினைக்கவில்லை. பசி இருந்தால் பாடம் ஏறாது என்று தெரிந்து, அதற்கு நெல் அளந்து, நெல்லுக்கு நிலம் எழுதி, நிலத்துக்கு வரி நீக்கி, எல்லாவற்றையும் கணக்குப் பார்த்தார்கள். ஆறு நாழி நெல்லை விளைவித்தவர்கள் யார் என்பதைக் கல்வெட்டு சொல்லவில்லை. அதே சோழர்களின் தஞ்சைக் கல்வெட்டில் பறைச்சேரியும் தீண்டாச்சேரியும் தனித்தனியே குறிக்கப்பட்டிருக்கின்றன.

இனி 850 ஆண்டுகளைத் தாண்டி வருகிறேன். 1891இல் செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த டிரமென்ஹீர், இந்த மாவட்டத்துப் பறையர்களின் நிலை பற்றி அரசுக்கு ஒரு குறிப்பு எழுதினார். செங்கல்பட்டில் ஆடம் ஆண்ட்ரூ, திருவள்ளூரில் வில்லியம் கௌடி போன்ற பாதிரியார்கள் ஏற்கெனவே இதை எழுதியும் பேசியும் வந்தார்கள். பஞ்சமி நிலம் பற்றிப் பேசும்போதெல்லாம் நாம் டிரமென்ஹீரை நினைக்கிறோம். நான் அதில் வேறொன்றைக் கவனிக்கச் சொல்கிறேன். நம் குடிசை நின்ற மனை நம்முடையதாக இல்லை. மிராசுதாரருடையது என்றார்கள். அவர் சொல் கேட்காத குடும்பத்தை மனையை விட்டு இறக்கிவிடலாம். பையன் மாடு மேய்க்காமல் பாதிரியார் பள்ளிக்கூடம் போனால் அதுவும் சொல் கேட்காததுதான். அரசு 1892 செப்டம்பர் 30 அன்று ஆணை பிறப்பித்தபோது நிலமும் மனையும் பள்ளியும் ஒரே பேச்சாக வந்ததற்குக் காரணம் இதுவே. 921இல் தகுதிப் பட்டியலில் இருந்த சொந்த மனை, 1891இல் இதே மண்ணில் நமக்கு இல்லை. சொந்த மனை இல்லாதவன் வீட்டுப் பிள்ளை பள்ளிக்கூடத்தில் நிலைக்க முடியாது.

நம் தாத்தா 1859இல் மதுராந்தகம் பக்கத்துக் கோழியாளத்தில் பிறந்தவர். கோயம்புத்தூர் கலாசாலையில் அவர் படித்த கதையை 1939இல் எழுதிய ஜீவிய சரித்திர சுருக்கத்தில் சொல்கிறார். ஏறக்குறைய 400 மாணவர்கள், அவர்களில் பத்துப் பேரைத் தவிர மற்றவர்கள் எல்லாம் பிராமணர்கள். தன் சாதியும் குடும்பமும் இருப்பிடமும் தெரிந்துவிட்டால் இழிவாக நடத்துவார்களே என்று பயந்து, அவர் பள்ளிக்கு வெளியே எங்காவது உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பார். மணி அடித்த பிறகுதான் வகுப்புக்குள் போவார். வகுப்பு முடிந்தால் மற்றவர்கள் பேச்சுக் கொடுப்பதற்குள் வீட்டுக்கு நடந்துவிடுவார். பிள்ளைகளோடு சேர்ந்து விளையாட முடியவில்லையே என்ற வருத்தத்தையும் 80 வயதில் மறக்காமல் எழுதியிருக்கிறார்.

அவர் அங்கே பட்டினி கிடந்ததாகச் சொல்லவில்லை. புத்தகம் இல்லை என்று சொல்லவில்லை. படிக்கிற ஆர்வம் குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. மணி அடிக்கும் வரை வெளியே உட்கார்ந்து படித்தவர் அவர். இல்லாதது ஒன்றுதான்: புரியாத கணக்கைப் பக்கத்தில் இருப்பவனிடம் கேட்கிற தைரியம். திருமுக்கூடல் கல்வெட்டில் இது எழுதப்படவில்லை. எழுத வேண்டிய தேவை இல்லை. அங்கே பாய் விரித்துப் படுத்தவர்கள் எல்லாம் ஒரே இனம், இரவு விளக்கைச் சுற்றி உட்கார்ந்து ஒன்றாக ஓதினார்கள். துணை அவர்களுக்குக் காற்று மாதிரி இருந்தது. நமக்கு முதலில் பறிக்கப்பட்டது அதுதான். என் பேச்சின் மையம் இது. சோறும் கட்டணமும் ஒரு மாணவரைத் தேர்ச்சி பெற வைக்கும். முதல் வகுப்புக்கு அதோடு பயமில்லாத துணை வேண்டும்.

இருபதாம் நூற்றாண்டில் நம் முன்னோர்கள் செய்ததை இந்தக் கண்ணோடு பார்த்தால் வேறு மாதிரி தெரியும். 1894இல் ஆல்காட் சென்னையில் தொடங்கிய பஞ்சமர் பள்ளி எழுத்துக் கொடுத்தது. பரங்கிமலையில் பிறந்து சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் படித்த எம்.சி. ராஜா ஆசிரியராகப் பணிசெய்து, பாடநூல்கள் எழுதி, சட்டசபைக்குப் போய்ச் சண்டையும் போட்டார். அவர் காலத்தில், 1920களின் பிற்பகுதி வரை, பச்சையப்பன் கல்லூரியின் கதவே நமக்கு அடைத்திருந்தது. 1924இல் நம் தாத்தா சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானம் பொதுச் சாலையிலும் தெருவிலும் கிணற்றிலும் அலுவலகத்திலும் நமக்கு உரிமை கேட்டது. அக்ரகாரத்திலும் கோயில் தெருவிலும் பள்ளிக்கூடம் இருந்த காலத்தில், தெருவில் நடக்கிற உரிமை என்பது படிக்கிற உரிமையும்தான். எல்லாம் பெரிய காரியங்கள்.

ஆனால் எனக்கு மிகவும் பிடித்தவர் சுவாமி சகஜானந்தர். ஆரணிப் பக்கத்துக்காரர். 1916இல் சிதம்பரத்தில் நந்தனார் பள்ளியைத் தொடங்கினார். நந்தன் தீயில் இறங்கிய ஊர் என்று சொல்லப்படுகிற அதே ஊரில், நந்தன் பெயரிலேயே பள்ளி. அதோடு நிற்காமல் பிள்ளைகள் தங்கிப் படிக்க விடுதி. சுற்றுவட்டச் சேரிகளிலிருந்து ஒவ்வொருவராக, தனித்தனியாகப் படித்துக்கொண்டிருந்தவர்களை ஒரு கூரைக்குக் கீழ் உட்கார வைத்தார். மூத்தவன் இளையவனுக்குச் சொல்லிக்கொடுத்தான். தென்னாற்காட்டுப் பக்கம் அதற்குப் பிந்தைய இரண்டு மூன்று தலைமுறை அரசு அலுவலர்களையும் ஆசிரியர்களையும் கேட்டுப் பாருங்கள், வீட்டில் யாராவது ஒருவர் "சாமி பள்ளிக்கூடத்தில்" படித்திருப்பார்.

அம்பேத்கரைப் பற்றி நம் மேடைகளில் ஒரு தவறான சித்திரம் உலவுகிறது. பிறவி மேதை, எல்லாத் தேர்விலும் முதலிடம் என்று. 1907இல் அவர் மெட்ரிகுலேஷன் தேறியபோது 750க்கு 282 வாங்கினார். நூற்றுக்கு 38கூட இல்லை. இந்த எண்ணை நான் வேண்டுமென்றே எல்லாக் கூட்டத்திலும் சொல்கிறேன், அப்போது பின் வரிசையில் சில பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். எல்பின்ஸ்டன் கல்லூரியில் படிக்கப் பரோடா மன்னரின் உதவித்தொகை கிடைத்தது. 1912இல் பி.ஏ. முடித்தார். 1913இல் அதே மன்னரின் உதவியோடு கொலம்பியாவுக்குப் போனார், மாதம் பதினொன்றரைப் பவுண்டு. அங்கே மாணவர் விடுதியில் நவல் பதேனா என்ற பார்சி நண்பரோடு தங்கினார். அந்த நட்பு கடைசி வரை நீடித்தது. பள்ளியில் கோணிச்சாக்கை விரித்துத் தனியாக உட்கார வைக்கப்பட்டவர், வேறொருவரோடு சமமாக ஒரே மேசையில் சாப்பிட்டு, ஒரே அறையில் தங்கிப் படித்த இடம் அது. 282 வாங்கியவர் கொலம்பியாவிலும் லண்டனிலும் முனைவர் பட்டங்கள் வாங்கினார். மண்டை அதேதான். மாறியது மாதப் பணமும் அறைத்தோழரும்.

அதனால்தான் அதிகாரத்தில் கால் வைத்ததும் அவர் உதவித்தொகையையும் விடுதியையும் பிடித்துக்கொண்டார். 1942இல் வைசிராயின் நிர்வாகக் குழுவில் இருந்தபோது பட்டியல் சாதியினரின் குறைகள் பற்றி எழுதிக் கொடுத்த மனுவின் விளைவாக ஆண்டுக்கு மூன்று லட்சம் ரூபாய் உயர்கல்விக்கு ஒதுக்கப்பட்டது. நம் பிள்ளைகள் இன்று வாங்குகிற போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை 1944இல் தொடங்கியது இப்படித்தான். 1945இல் மக்கள் கல்விக் கழகம், 1946இல் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரி.

நம் மாவட்டத்திலேயே இன்னொரு சான்று. காஞ்சிபுரத்துக்காரரான அண்ணா பச்சையப்பனில் ஆனர்ஸ் படித்தவர் என்பது எல்லோருக்கும் தெரியும். குடும்பக் கஷ்டத்தால் பள்ளிப்படிப்பை நிறுத்திவிட்டு நகராட்சி அலுவலகத்தில் எழுத்தராக வேலை பார்த்தவர் அவர். நெசவாளர் வீட்டுப் பிள்ளைக்கே அந்தக் கதி. ஆனர்ஸ் என்ற சொல்லுக்கு முன்னால் எத்தனை பேர் எழுத்தராகவே நின்றுபோனார்களோ.

இப்போது கொஞ்சம் கடல் தாண்டுகிறேன். சமூகவியல் படித்தவள் என்பதால் இந்த ஆய்வைச் சொல்லாமல் விட மனமில்லை. 1970களில் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் யூரி டிரைஸ்மன் என்ற ஆராய்ச்சி மாணவர் கணிதப் பாடம் எடுத்துவந்தார். நுண்கணிதத் தாளில் கறுப்பின மாணவர்கள் தொடர்ந்து தோற்றார்கள். ஆர்வம் இல்லை, அடித்தளம் இல்லை, வீட்டில் ஆதரவு இல்லை என்று ஆசிரியர்கள் காரணம் சொன்னார்கள். நமக்குப் பழகிய காரணங்கள். டிரைஸ்மன் 20 கறுப்பின மாணவர்களையும் 20 சீன மாணவர்களையும் அவர்கள் தங்கும் இடம் வரை போய்க் கவனித்தார். கறுப்பின மாணவர்கள் ஒழுங்காகத்தான் படித்தார்கள். வீட்டுப்பாடம் செய்தார்கள். ஆனால் ஒவ்வொருவரும் தன் அறையில் தனியாக. சீன மாணவர்கள் முதலில் தனியாகப் போட்டுப் பார்த்துவிட்டு, மாலையில் ஒன்றுகூடி ஒருவர் விடையை ஒருவர் திருத்தினார்கள். எந்தக் கணக்கு எல்லோருக்குமே கடினம், எது தனக்கு மட்டும் கடினம் என்று அவர்களுக்குத் தெரிந்தது. தனியாகப் படித்தவனுக்கு எல்லாமே தன் குறை.

டிரைஸ்மன் கறுப்பின மாணவர்களுக்கு என்று தனியே "தேறாதோர் வகுப்பு" வைக்கவில்லை. கடினமான கணக்குகளைக் கொடுத்துக் கூட்டமாக உட்கார வைத்தார். பார்டரில் தேறச் சொல்லவில்லை, முதல் மதிப்பெண்ணுக்குப் படிக்கச் சொன்னார். தோற்றுக்கொண்டிருந்தவர்கள் நன்றாகத் தேறத் தொடங்கினார்கள். நம் பிள்ளைகளுக்கு நடக்கும் சிறப்பு வகுப்புகளை நடத்துகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். "நீங்க பாஸானா போதும்" என்று முதல் நாளே சொல்லிவிட்டு ஆரம்பிக்கிற வகுப்பில் எவனுக்கு முதல் வகுப்பு வரும்?

2007இல் நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் தன் இரண்டாண்டுக் கல்லூரிகளில் ஒரு திட்டம் தொடங்கியது. முழுநேரம் படிக்க வேண்டும். அதற்குப் பதிலாகக் கட்டணத்தில் விடுபட்ட பகுதி, பாடப்புத்தகம், போக்குவரத்து அட்டை எல்லாம் இலவசம். ஒவ்வொருவருக்கும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற ஓர் ஆலோசகர். மூன்று ஆண்டுக்குப் பிறகு கணக்குப் பார்த்தபோது, திட்டத்துக்கு வெளியே இருந்தவர்களில் 100க்கு 22 பேர் பட்டம் பெற்றார்கள், உள்ளே இருந்தவர்களில் 40 பேர். பாய்க்குப் பதில் பஸ் பாஸ். திருமுக்கூடல்காரர்கள் சிரிப்பார்கள்.

நம் ஊருக்குத் திரும்புகிறேன். இங்கே முதல் தலைமுறையாகக் கல்லூரிக்குப் போகும் பிள்ளையின் முதல் ஆறு மாதத்தைப் பாருங்கள். ரேங்க் பட்டியலில் வர வேண்டுமென்றால் எல்லாத் தாளையும் முதல் முறையிலேயே தேற வேண்டும் என்பது பல்கலைக்கழக விதி. ஒரு அரியர் விழுந்தால் போச்சு. கடைசி ஆண்டில் 90 வாங்கினாலும் ரேங்க் கிடையாது. ஆக, நம் பிள்ளையின் முதலிடம் தீர்மானமாவது மூன்றாவது ஆண்டில் இல்லை, முதல் செமஸ்டரில். அதே முதல் செமஸ்டரில்தான் அவளுக்கு ஆங்கிலத்தில் நடத்துகிற பாடம் புதிது, பஸ் நேரம் புதிது, சாதிச் சான்றும் வருமானச் சான்றும் வாங்க இ-சேவை மையத்துக்கும் தாலுகா அலுவலகத்துக்கும் நடக்கிற நடை புதிது. உதவித்தொகை வங்கிக் கணக்கில் ஏறுவதற்குள் பல நேரம் ஆண்டே முடிந்துவிடும். கையில் காசு தேவைப்படுகிற மாதம் ஒன்று, காசு வருகிற மாதம் வேறு.

பையன்களுக்கு இன்னொரு இழுப்பு. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலைகளின் கம்பெனி பஸ் விடியற்காலையில் நம் காலனி முனையிலேயே வந்து நிற்கிறது. கல்லூரிக்குப் போகிற பஸ்ஸுக்கு நாம் மெயின் ரோட்டுக்கு நடக்க வேண்டும். முதல் செமஸ்டரில் இரண்டு அரியர் விழுந்தவன், அப்பா கடன் கேட்டு நிற்பதைப் பார்த்தவன், எந்த பஸ்ஸில் ஏறுவான்? 2006இல் நோக்கியா வந்தபோது எத்தனையோ பேர் படிப்பை விட்டுவிட்டு ஏறினார்கள். 2014இல் அது மூடியபோது அவர்கள் கையில் பட்டமும் இல்லை, வேலையும் இல்லை. அந்தத் தலைமுறை ஆட்கள் இந்தக் கூட்டத்திலும் இருக்கிறார்கள்.

1990களின் கடைசியில் நான் கல்லூரி படித்தது ஓர் அரசுப் பெண்கள் விடுதியிலிருந்து. எந்த ஊர் என்பது முக்கியமில்லை. ஓர் அறையில் பதினொரு பேர். குளியலறைக்கு நாலு மணிக்கு வரிசை. தேர்வுக்கு முந்தைய படிப்பு விடுமுறையில் சமையலை நிறுத்திவிட்டு எல்லோரையும் வீட்டுக்குப் போகச் சொல்வார்கள். வீட்டுக்குப் போனால் நடவு, களை, தம்பி தங்கச்சி. படிக்கச் சோறு தேவைப்படும் பத்து நாளில் சோற்றை நிறுத்துகிற விடுதி. இத்தனை குறையையும் சொன்ன பிறகு இதையும் சொல்ல வேண்டும்: எனக்கு முதல் வகுப்பு வந்தது அந்த விடுதியால்தான். வராந்தா டியூப்லைட்டுக்குக் கீழே சீனியர் அக்காக்கள் தங்கள் நோட்டுகளைக் கொடுத்தார்கள். எந்த ஆசிரியர் எந்தக் கேள்வியைத் திருப்பிக் கேட்பார், எந்தப் புத்தகத்தில் மூன்றாவது அத்தியாயம் போதும், செய்முறைத் தேர்வில் வாயைத் திறந்து எப்படிப் பேசுவது என்று சொல்லிக்கொடுத்தார்கள். வசதியான வீட்டுப் பிள்ளைக்கு இதெல்லாம் சாப்பாட்டு மேசையில் அப்பா அம்மாவிடமிருந்து வந்துவிடும். நமக்கு வராந்தாவில் வந்தது. இன்று அந்த விடுதிகளுக்குச் சமூகநீதி விடுதி என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள். நல்ல பெயர்தான். படிப்பு விடுமுறையில் அடுப்பு எரிகிறதா என்று யாராவது போய்ப் பாருங்கள்.

துணையை உடைத்தால் என்ன ஆகும் என்பதற்கு 2016 ஜனவரி 17க்கு மேல் சான்று வேண்டாம். ஐதராபாத்தில் ரோகித் வெமுலாவுக்கு முதலில் உதவித்தொகை நின்றது, பிறகு விடுதி அறை போனது. நண்பர்களோடு வளாகத்தில் வெட்டவெளியில் படுத்தார். பாயும் சோறும் துணையும் எந்த வரிசையில் பறிக்கப்பட்டன என்று பாருங்கள், திருமுக்கூடல் பட்டியலைத் தலைகீழாகப் படித்த மாதிரி இருக்கும். அரியலூர் அனிதா 1200க்கு 1176 வாங்கியும் வெளியே நிறுத்தப்பட்டார். அந்த எண்ணைப் பார்த்த பிறகும் மெரிட் என்று பேசுகிறவர்களிடம் நான் வாதம் செய்வதில்லை. 2024இல் உத்தரப்பிரதேசத்துத் தலித் மாணவர் ஒருவர் தன்பாத் ஐ.ஐ.டி.யில் கிடைத்த இடத்தை 17,500 ரூபாய் நேரத்துக்குக் கட்ட முடியாமல் இழந்தார். தினக்கூலி வீட்டில் அந்தப் பணத்தைப் புரட்டுவதற்குள் மணி முடிந்துவிட்டது. உச்ச நீதிமன்றம் தலையிட்டு இடத்தை மீட்டுக் கொடுத்தது. 2022இல் அதே நீதிமன்றம், மருத்துவ மேற்படிப்பு வழக்கொன்றில், தேர்வு மதிப்பெண்ணை மட்டும் வைத்துத் தகுதியை அளக்க முடியாது என்றும் சொல்லியிருக்கிறது. 17,500 ரூபாய்க்காக டெல்லி வரை போக முடிந்தவர் ஒருவர். தாலுகா ஆபீஸ் வாசலிலேயே திரும்பிவிட்டவர்களின் கணக்கு எந்தத் தீர்ப்பிலும் இல்லை.

அரசிடம் கேட்க வேண்டியவற்றை நம் மன்றம் மனுவாக எழுதியிருக்கிறது. உதவித்தொகை முதல் செமஸ்டர் தேர்வுக்கு முன்னால் வர வேண்டும். படிப்பு விடுமுறையில் விடுதிச் சமையல் நிற்கக் கூடாது. கல்லூரி நேரத்துக்கு நகரப் பேருந்து காலனி வரை வர வேண்டும். அதைக் கையெழுத்துக்கு வெளியே மேசையில் வைத்திருக்கிறோம், போகும்போது எல்லோரும் போடுங்கள்.

மனுவுக்குப் பதில் வரும் வரை பிள்ளைகள் காத்திருக்க முடியாது. நவம்பரில் தேர்வு. சுற்றியிருக்கும் காலனிகளிலிருந்து இந்த ஆண்டு கல்லூரியில் சேர்ந்தவர்கள் ஒவ்வொருவரும் இப்போது தனித்தனியாக, ஒருவர் இருப்பது மற்றவருக்குத் தெரியாமல் படித்துக்கொண்டிருக்கிறார்கள். சமுதாயக் கூடத்தின் சாவியைக் கேட்டு வாங்கியிருக்கிறோம். மின்சாரக் கட்டணத்தை மன்றம் ஏற்றுக்கொள்ளும். மூன்றாம் ஆண்டு படிக்கும் நான்கு பேர் வந்து உட்கார ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். பெண்பிள்ளைகளைத் திரும்ப வீடு வரை கொண்டுவிட அம்மாக்கள் இரண்டு பேர் முறை வைத்து வருவார்கள். வருகிற சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு முதல் உட்காரல். புள்ளியியல் தாளிலிருந்து ஆரம்பிக்கிறோம், அதுதான் எல்லோருக்கும் கஷ்டமாக இருக்கிறது என்று சொன்னார்கள். நோட்டும் பேனாவும் கொண்டுவந்தால் போதும். பாய் நாங்கள் கொண்டுவருகிறோம்.